வெயிட்டுக்கு உட்கார்ந்த ஆறு பேர்

கஜபதிக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு என்று பட்டாபிராமில் அவர் தெருவே சொல்லும். அது முழுப் பொய்யும் இல்லை. காலையில் நெமிலிச்சேரி மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடையில் நின்றுகொண்டு, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்து "தூ, கலீஜ்" என்று துப்பாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. துப்புவது வண்டியைப் பார்த்து அல்ல, வண்டியில் பாரம் ஏற்றியிருக்கிற லட்சணத்தைப் பார்த்து என்பது அவரோடு பழகியவர்களுக்குத்தான் தெரியும். "பின்னாடி கொண்டு போயி குவிச்சு வெச்சுக்கீறான் பாரு. மூளைய ஊட்லயே கழட்டி மாட்டிட்டு வந்துட்டான்" என்பார். டீக்கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த டீயைப் போடுவார்.

ஐம்பத்தோரு வயதில் இருபத்திரண்டு வருஷம் டிரெய்லர் லாரி ஓட்டியவர் அவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் வேலை. பெரும்பாலும் இரும்புத் தகட்டுச் சுருள்தான் லோடு. இருபது டன் ஏற்றினால் மேம்பாலம் ஏறும்போது வண்டி முக்கும், இறங்கும்போது பிரேக் சூடாகி நாறும். ஆனால் தாழ்வான பாரம், இடம் பார்த்து வைத்த பாரம், சொன்ன பேச்சைக் கேட்கும். அவர் பிழைப்பைக் கெடுத்தது தெர்மாகோல். ஒரு தடவை தடாவைத் தாண்டி நெல்லூர் பக்கம் மூன்று டன்கூட வராத தெர்மாகோல் பெட்டிகளைப் பதின்மூன்று அடி உயரத்துக்கு அடுக்கி அனுப்பினார்கள். எதிர்க்காற்றில் வண்டி வேகமே எடுக்கவில்லை. பக்கக் காற்று அடித்தபோது, ஸ்டியரிங்கைத் திருப்பாமலே அடுத்த தடத்துக்குப் போய் நின்றது. திரும்பி வந்ததும் முதலாளி கேட்ட கேள்வி, "தெர்மாகோலுக்கு இவ்ளோ டீசலா? யாருகிட்ட வித்த?" என்பதுதான்.

கஜபதி பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். எடை மேட்டில் இழுக்கும், காற்று வேகத்தில் இழுக்கும், வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் தள்ளல் நாலு மடங்காகும் என்றார். முதலாளி பக்கத்திலிருந்த மேனேஜரைப் பார்த்து, "காத்துக்கு டீசல் ஊத்தறாராம்" என்று சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். அன்றைக்கே சாவியை மேசைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டார் கஜபதி. அப்புறம் சொந்தமாக ஒரு பிக்கப். பின்னால் டிரெய்லர் இழுக்க நல்ல கனமான கொக்கி ஒன்றையும் பட்டறையில் கூடவே நின்று வைத்துக்கொண்டார்.

அவர் துப்பாத ஒரே ஆள் மச்சான் கங்காதரன். மனைவி கெங்கம்மாளின் தம்பி. அம்மா செத்துப்போன வருஷம் பன்னிரண்டு வயதில் ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தவன். கஜபதிக்கும் கெங்கம்மாளுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லையே என்று உட்கார்ந்து யோசிக்க கங்காதரன் நேரமும் வைக்கவில்லை. ஐ.டி.ஐ. படிக்க வைத்து, எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்த்து, அருள்மொழியைக் கட்டி வைத்து, மாடியில் ஒரு அறையும் எடுத்துக் கொடுத்தார். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆனபோதுதான் அந்த ஆடி மாதம் வந்தது.

அவர்கள் தெரு அம்மன் கோயிலுக்கு ஆடி மூன்றாம் ஞாயிறு திருவிழா. ஊர்வலத்தில் எல்லோரும் காத்திருப்பது லைட் செட்டுக்குத்தான். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பிளைவுட் அடித்து, அதில் அம்மன் உருவத்தைச் சின்னச் சின்ன பல்பால் கோத்திருப்பார்கள். பன்னிரண்டு அடி உயரம், எட்டு அடி அகலம். இரண்டு சக்கர டிரெய்லரில் குறுக்கே நிமிர்த்தி நிறுத்தி, கூடவே ஜெனரேட்டரையும் வைத்து, தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். நசரத்பேட்டையில் வரதன் என்பவன் அதை வாடகைக்கு விடுகிறான். பத்து வருஷமாக அங்கிருந்து அதை இழுத்து வந்தது ஒரு டிராக்டர். டிராக்டர்க்காரர் கடைசித் துண்டு நிலத்தையும் பிளாட் போட விற்றுவிட்டு, டிராக்டரையும் விற்றுவிட்டார். கோயில் கமிட்டித் தலைவர் கோவிந்தன் கஜபதியிடம் வந்தார். கமிட்டியில் கங்காதரனும் இருந்தான். "மாமா இழுத்துக் குடுப்பாரு" என்று அவன் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நசரத்பேட்டை போய் டிரெய்லரைப் பார்த்ததும் கஜபதிக்கு வாயெல்லாம் கசந்தது. அரை டன்னுக்கு மேல் இருக்கிற ஜெனரேட்டரைக் கொண்டுபோய் டிரெய்லரின் பின்கோடியில் வைத்திருந்தான் வரதன். அதற்குக் கொஞ்சம் முன்னால், அதுவும் சக்கரத்துக்குப் பின்னால்தான், அம்மன் செட்டு ஒரு சுவர் மாதிரி நின்றது.

"பாரு அண்ணாத்தே, ரெண்டே வெரலு" என்று டிரெய்லரின் மூக்குக் கம்பியைத் தூக்கிக் காட்டினான் வரதன். கொக்கியில் மாட்ட ஆள் பலமே வேண்டாமாம். அதில் அவனுக்கு ஏக பெருமை.

"அதாண்டா வியாதி" என்றார் கஜபதி. "மூக்குல பாரம் இல்லன்னா வாலு ஆடும். ஜெனரேட்டர சக்கரத்துக்கு முன்னாடி தள்ளு."

"முன்னாடி வெச்சா பொகையும் சத்தமும் மேளக்காரங்க மேல போவும். அவங்க முன்னாடி தான நடக்கறாங்க? எப்பவும் பின்னாடிதான்."

"சரி, செட்டையாவது படுக்க வெச்சுக் கட்டு. அங்க போயி நிமித்திக்கலாம்."

கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆட்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். கோவிந்தன் காதைப் பொத்தாத குறைதான்.

"இன்னா பேசற கஜபதி? படுக்க வெச்சுத் தூக்கினு போறது எதன்னு தெரியாதா உனக்கு? காலையிலயே கற்பூரம் காட்டியாச்சு. இனிமே அது பிளைவுட்டு இல்ல, அம்மன்."

கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் அது மரப்பலகை, எப்படி வேண்டுமானாலும் புரட்டலாம். காட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரை சாய்க்கக்கூடாது. அந்த முறையில் கஜபதிக்குச் சண்டை இல்லை. கெங்கம்மாளோடு வருஷா வருஷம் கூழ் ஊற்றுகிறவர் அவர். ஆனால் பதினைந்து கிலோமீட்டர் ரோட்டில் இழுக்க வேண்டிய பொருளுக்குக் கிளம்புகிற இடத்திலேயே கற்பூரம் காட்டிய புத்தியை நினைத்துத்தான் அவருக்குக் குமட்டியது. "அத்த அங்க வந்து காட்டியிருக்கக் கூடாதாய்யா?" என்றார். பத்து வருஷமாக இப்படித்தான் நடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்றார் கோவிந்தன். பத்து வருஷமும் டிராக்டர் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் உருண்டது என்று கஜபதி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அதோடு விட்டார்களா? "காத்துக்கு ஆடும்னு பயந்தா வெயிட்டு ஏத்திக்கலாம்" என்றான் வரதன். வெயிட் என்றால் மணல் மூட்டையா? இல்லை, ஆள். ஆறு பேரைப் பின்கோடியில் ஜெனரேட்டரைச் சுற்றி உட்கார வைத்து, செட்டின் பின்காலில் கட்டிய கயிறுகளைக் கையில் கொடுத்துவிட்டான். ஏற்கெனவே வால் கனத்த டிரெய்லரின் வாலில் இன்னும் ஆறு பேர். முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவன் கங்காதரன்.

"எறங்குடா" என்றார் கஜபதி.

"இன்னா மாமா நீ, அம்மன் வேல. ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தான் அவன். பக்கத்தில் இருந்த சந்தோஷ், அதே தெருப் பையன், எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், அவனும் சிரித்தான்.

கஜபதி முடியாது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கலாம். அப்படி வந்தால் வேறு எவனையாவது கூப்பிடுவார்கள், அவன் அறுபதில் ஓட்டுவான், பின்னால் கங்காதரன் உட்கார்ந்திருப்பான். இவர் ஓட்டினால் இருபதைத் தாண்டாது. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கைக் கொக்கியில் மாட்டினார். மாட்டும்போது அது அவ்வளவு லேசாக இருந்தது. உடம்பு கூசியது அவருக்கு.

வெளிவட்டச் சாலையில் ஏறியதும் ஆடிக் காற்று செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கமிருந்து வந்து மோதியது. கஜபதி ஓரத் தடத்தில் இருபதிலேயே உருட்டினார். பக்கத்து சீட்டில் கோவிந்தன் நெளிந்தார்.

"நாலு மணிக்குக் கவுன்சிலர் சுவிச்சு போட வர்றாரு. மிதி கஜபதி."

"மிதிச்சா காத்து அந்தப் பலகைய நெஞ்சுல கை வெச்சுத் தள்ற மாதிரி பின்னாடி தள்ளும் தலைவரே. ஒசரத்துல தள்ளுதா, முன்னாடி மூக்கு மேல தூக்கும். மூக்கு தூக்குனா என் பின்சக்கரத்துக்குப் பிடி இருக்காது. ஒருவாட்டி வாலு ஆட ஆரம்பிச்சுதுன்னா…"

"வெயிட்டுக்குத்தான் ஆறு பேரு கீறாங்களே."

கஜபதி வெளியே துப்பினார். வழியில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் டிரெய்லரைப் பார்த்தார், பின்னால் கயிற்றைப் பிடித்துத் தொங்கிய ஆறு பேரையும் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட்டார். கஜபதி இரண்டாம் தடவை துப்பினார்.

பாதி தூரம் போயிருப்பார்கள். கண்டெய்னர் லாரி ஒன்று எண்பதில் உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. அது முதலில் ஒரு தள்ளு தள்ளியது, கடந்து போனபோது தன் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தது. ஸ்டியரிங் கையில் வெற்றாகச் சுழல்கிற மாதிரி இருந்தது அவருக்கு. கண்ணாடியில் அம்மன் செட்டு இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து வந்தது, கங்காதரன் ஒரு கையால் கயிற்றையும் ஒரு கையால் ஜெனரேட்டரையும் பிடித்திருந்தான். கஜபதி பிரேக்கைத் தொடவில்லை. காலை மட்டும் எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார். இருபதில் வந்ததால் ஆட்டம் நாலைந்து தடவையில் அடங்கி வண்டி ஓரமாக நின்றது. இறங்கி நேரே பின்னால் போனார்.

"படுக்க வெய்யி. இல்லன்னா எல்லாரையும் எறக்கு. ரெண்டும் இல்லன்னா நான் இழுக்கல" என்று கொக்கியைக் கழற்றிவிட்டார்.

ஒரே கூச்சல். அம்மனை நடுரோட்டில் விடுகிறானே என்றார்கள். பின்னாலேயே வந்துகொண்டிருந்த கோவிந்தனின் அக்கா மகன் கிஷோர் தன் புது வண்டியை நிறுத்தினான். பெரிய வண்டி, லாரி மாதிரி டயர், அதற்கும் பின்னால் ஒரு கொக்கி.

"விடு மாமா, நான் இழுக்கறேன். என் வண்டி மலையவே இழுக்கும்."

"இழுக்கறதப் பத்திப் பேச்சே இல்லடா" என்று கத்தினார் கஜபதி. "எத்தினி பெரிய இன்ஜினா வேணா இருந்துக்கோ. பின்னாடி கீறது உன்ன இழுக்கும். அதான் பேச்சு."

கிஷோர் கண்ணடித்துவிட்டு மூக்குக் கம்பியை ஒற்றைக் கையால் தூக்கி மாட்டினான். அவனுக்கும் அது லேசாக இருந்ததில் சந்தோஷம்தான். ஆறு பேரும் மறுபடி கயிற்றைப் பிடித்தார்கள்.

கஜபதி போய் கங்காதரனின் சட்டைக் காலரைப் பிடித்தார். "எறங்கு."

"மானத்த வாங்காத மாமா, எல்லாரும் பாக்கறாங்க."

"எறங்குடா பேமானி!"

இழுத்த இழுப்பில் சட்டை கிழிந்தது. கீழே விழுந்தவனை எழுப்பி ஓங்கி ஒரு அறை விட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து அவன்மேல் கை வைக்காத மனுஷன், கைக்குழந்தைக்குத் தகப்பனான பிறகு ஊர் பார்க்க அறைந்தார். மற்ற ஐந்து பேரையும் பார்த்துக் கெஞ்சினார். அவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். "ஒரு ஆளு கொறையுது. சந்தோஷு, நீ அந்தப் பக்கம் நவுந்து குந்து" என்றான் கிஷோர் வண்டியில் கூடவே வந்திருந்த வரதன். கங்காதரன் விட்ட இடத்துக்கு சந்தோஷ் நகர்ந்தான்.

கங்காதரனைத் தன் வண்டியில் தள்ளிக் கதவைச் சாத்தி, கஜபதி பின்னாலேயே போனார். முன்னால் கிஷோர் ஐம்பதைத் தாண்டினான், அறுபதைத் தொட்டான். மேம்பாலத்தில் ஏறியபோதே செட்டின் தலை பின்னால் வளைவது தெரிந்தது. இறக்கத்தில் வால் ஆட ஆரம்பித்தது. ஒரு ஆட்டம், அதைவிடப் பெரிதாக இன்னொரு ஆட்டம்.

"பிரேக்கத் தொடாதடா, தொடாத, தொடாத" என்று கஜபதி தன் வண்டிக்குள் உட்கார்ந்து கத்தினார். முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக் போட்ட வண்டியை டிரெய்லர் பக்கவாட்டில் முந்தப் பார்த்தது, கொக்கி பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. பிளைவுட் துண்டு துண்டாகப் பறந்து தடுப்பைத் தாண்டி விழுந்தது. நாலு பேர் தேய்த்துக்கொண்டு எழுந்தார்கள். சந்தோஷ் எழவில்லை. அவன் இடது கால்மேல் ஜெனரேட்டர் கிடந்தது.

கஜபதியும் கங்காதரனும்தான் செட்டின் இரும்புக் குழாயைக் கொடுத்து அதை நெம்பித் தூக்கினார்கள். இவர் பிக்கப்பில்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இனிமேலாவது புத்தி வரும் என்றுதான் அவர் நினைத்தார். ஒரு காலைக் காவு கொடுத்த பிறகாவது நாலு பேர் வந்து, "கஜபதி, நீ சொன்னது சரிதாம்பா" என்பார்கள் என்று நினைத்தார். மூன்றாம் நாள் கமிட்டி கூடியது. கோவிந்தன் நிதானமாகச் சொன்னார். பத்து வருஷமாகக் கவிழாத டிரெய்லர் இந்த வருஷம் ஏன் கவிழ்ந்தது? ஆறு பேர் பாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர் பாரம்தான் இருந்தது. ஒரு ஆளைப் பாதி வழியில் இறக்கிவிட்டால் எந்த வண்டி நிற்கும்? கங்காதரனை இழுத்து இறக்கிய கைதான் சந்தோஷ் காலை எடுத்தது.

கஜபதி எழுந்து நின்றார். ஜெனரேட்டர் இருந்த இடம், வேகம், காற்று, பலகையின் உயரம் என்று வாயெடுத்தார். பேச்சு வரவில்லை, எச்சில்தான் வந்தது. கமிட்டி நடுவிலேயே துப்பிவிட்டு வெளியே வந்தார். அதையும் அவர்மேல் ஒரு குற்றமாக எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் மாடியில் சாமான் கட்டிக்கொண்டிருந்தான் கங்காதரன். அருள்மொழி குழந்தையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கெங்கம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடா போற?"

"அம்பத்தூர்ல ஊடு பாத்துக்கீறேன். தெனம் சந்தோஷு ஊட்டு வாசல்ல நடந்து போவ என்னால முடியாது மாமா."

"நீ இன்னாடா பண்ண அவனுக்கு? அந்த எடத்துல நீ குந்தியிருந்தா உன் காலு போயிருக்கும்."

"நான் குந்தியிருந்தா விழுந்திருக்காது மாமா" என்றான் கங்காதரன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் அதை நம்பினான். ஐ.டி.ஐ.யில் தராசும் நெம்புகோலும் படித்தவன், இவர் காசு கட்டிப் படித்தவன், கண்ணால் பார்த்த பிறகும் அதைத்தான் நம்பினான்.

அந்த வருஷம் முழுக்க அவன் வரவில்லை. கெங்கம்மாள் மட்டும் ரயில் ஏறிப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவாள். கஜபதி டீக்கடைக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

மறு ஆடி வந்தது. வரதன் புது செட்டு செய்திருந்தான், அதே உயரம். கமிட்டியில் போன வருஷ விபத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசி, பாதுகாப்புக்கு ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். இந்தத் தடவை எட்டுப் பேர். கிஷோர்தான் இழுப்பான், அவனுக்கு இப்போது அனுபவம் இருக்கிறதாம். எட்டுப் பேரில் முதல் பெயர் கங்காதரன். அவனாகவே வந்து கேட்டு எழுத வைத்துக்கொண்டானாம். இதைக் கெங்கம்மாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள்.

கஜபதி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கோவிந்தன் வீட்டுக்குப் போனார்.

"தலைவரே, போன வருஷம் என் மேலதான் தப்பு" என்றார். அந்தப் பொய்யைச் சொல்லும்போது நாக்கில் கரப்பான் ஊர்ந்த மாதிரி இருந்தது. "அம்மன நடுரோட்ல விட்டுட்டு வந்தேன். இந்த வருஷம் நானே இழுத்துப் பாவத்தக் கழிச்சுக்கறேன்."

கோவிந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவத்தைக் கழிக்க வந்தவனை எப்படி வேண்டாம் என்பது? சரி என்றார்.

நசரத்பேட்டையில் கஜபதி இந்தத் தடவை வால், மூக்கு, காற்று என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெனரேட்டரைப் பார்த்து, "பின்னாடி வெச்சா காத்து பொகையெல்லாம் அம்மன் மூஞ்சில அடிக்குது வரதா. கரி புடிச்சுப் போயிடும். முன்னாடி தள்ளிடலாமா?" என்றார். வரதன் பதறிப்போய் ஆளைக் கூப்பிட்டுச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளினான். பின்னால் ஏறப்போன எட்டுப் பேரிடம், "அம்மனுக்குப் பின்னாடி முதுகுப் பக்கமா குந்தறதா? முன்னாடி பாதத்துல குந்துங்கப்பா" என்றார். எட்டுப் பேரும் பயபக்தியோடு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மூக்குக் கம்பியைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் கற்ற வித்தை எவனுக்கும் புரியவில்லை, இரண்டு பொய் உடனே புரிந்தது. கஜபதிக்குத் தன்மேலேயே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளிவட்டச் சாலைப் பக்கம் வண்டியைத் திருப்பவே இல்லை. வேண்டுதல் என்று ஒரு வார்த்தை சொல்லி, பூந்தமல்லி வழியாக ஆவடி ரோட்டில் விட்டார். வேகம் பதினைந்து. பின்னால் பஸ்ஸும் தண்ணி லாரியும் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. ஆட்டோக்காரர்கள் தலையை நீட்டி அவர் அம்மாவைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர் எதற்கும் திரும்பவில்லை. கண்ணாடியில் கங்காதரன் ஜெனரேட்டர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ஒரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவனை அவ்வளவு நேரம் பார்த்தார். இளைத்திருந்தான். இவர் பக்கம் பார்க்கவில்லை. கூட உட்கார்ந்தவர்களோடு பேசிக்கொண்டு வந்தான்.

ஆவடி தாண்டிப் பட்டாபிராமில் தெருமுனைக்கு வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. செட்டு ஒரு தடவைகூட ஆடவில்லை. கோவிந்தன் மைக்கைப் பிடித்தார்.

"போன வருஷம் ஒரு ஆளு கொறஞ்சதால வந்த வெனை எல்லாருக்கும் தெரியும். இந்த வருஷம் எட்டுப் பேரு பாரமா குந்தினதால அம்மன் அசையாம வந்து சேந்தா. அந்த எட்டுப் பேருக்கும் மாலை மரியாதை."

மேளம் அடித்தார்கள். எட்டுப் பேருக்கும் மாலை விழுந்தது. கஜபதி கொக்கியைக் கழற்றக் குனிந்திருந்தபோது ஊன்றுகோலோடு யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். சந்தோஷ்.

"அண்ணே" என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். "போன வருஷமும் இப்படி எட்டுப் பேரு குந்தியிருந்தா என் காலு இருந்திருக்கும், இல்ல?"

கஜபதி நிமிர்ந்தார். மடித்துக் கட்டிய பேண்ட் காலைப் பார்த்தார். இந்தப் பையனிடம்கூடவா பொய் சொல்வது என்று நினைத்தார். அவனுக்குப் பின்னால் மாலையோடு கங்காதரன் நின்று, இவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக இவர் முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் பழையபடி சண்டை, பழையபடி திமிர் பிடித்தவன் என்ற பேச்சு. அடுத்த ஆடிக்குக் கிஷோர், அறுபது கிலோமீட்டர், பின்னால் கங்காதரன்.

"ஆமாம்பா" என்றார் கஜபதி. "இருந்திருக்கும்."

வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டு நேரே மேடைக்குப் போனார். கோவிந்தன் முன்னால் கையைக் கூப்பினார். "தலைவரே, அடுத்த வருஷமும் நானே இழுக்கறேன். வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாதீங்க."

கோவிந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாக்கலாம் கஜபதி. நீ ரொம்ப மெதுவா ஓட்டற."